வாசலில் நின்று நான் சொன்ன 'நீ'

ராயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில் 22 வருடமாக வாசலில் நிற்கிறேன். ஆராதனைக்கு வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்று, இடம் பார்த்து உட்கார வைக்கும் ஊழியம். அஷர் என்று சொல்வோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊழியத்தில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட சில பழக்கங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வாசலில் நிற்கிறவர்கள், காணிக்கை எடுக்கிறவர்கள், கமிட்டியில் உட்காருகிறவர்கள் யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

2018, குருத்தோலை ஞாயிறு. நல்ல கூட்டம். முன்னால் மூன்றாவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர். எப்போதும் பின்னால் தூண் பக்கம்தான் உட்காருவார். அன்றைக்குப் பிள்ளைகள் ஓலை பிடித்துக்கொண்டு பவனி வருவதில் அவருடைய பேத்தியும் இருந்தாள், அதைப் பார்க்க முன்னால் வந்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. முதல் பாட்டு தொடங்கும் நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அந்த வருடம் ஆலயத்துக்குப் பெயின்ட் அடித்த செலவில் பாதியைக் கொடுத்த குடும்பம். இடம் இல்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய்க் குனிந்து, "நீ கொஞ்சம் பின்னால போய் உக்காரும்மா" என்றேன். திரும்பி, "வாங்க சார், இங்க உக்காருங்க" என்றேன்.

அதட்டிச் சொல்லியிருந்தால் எனக்கே உறைத்திருக்கும். நான் மெதுவாக, சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். அவர் பையையும் ஓலையையும் எடுத்துக்கொண்டு தூண் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால் நடுவழி தெரியாது.

அடுத்த வாரம் ஈஸ்டர். அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு நிருப வாக்கியம், அதாவது பைபிளில் அப்போஸ்தலர்களின் கடிதப் பகுதி, வாசிக்கும் முறை எனக்கு வந்தது. யாக்கோபு 2-ஆம் அதிகாரம். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பொன்மோதிரம் போட்டவனும் கந்தை கட்டினவனும் ஆலயத்துக்குள் வரும் பகுதி. அடுக்களையில் இருந்த மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, ரெண்டு பேருக்கும் ஒரே குரல்ல படிக்கிறீங்க. பணக்காரனுக்கு 'ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்'னு இருக்கு. ஏழைக்கு 'நீ அங்கே நில்லு'ன்னு இருக்கு. கோயில் வாசல்ல நீங்க பேசற மாதிரியே படிங்க, சரியா வரும்."

அவள் குத்திக் காட்டவில்லை. வாசிப்பு நன்றாக வரட்டும் என்றுதான் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அந்த வசனத்தில் அப்படியே இருந்தன.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் ஐயரிடம் இதைச் சொன்னேன். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் கிரேக்க மூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். மூலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். கிரேக்கத்தில் 'நீ'க்கும் 'நீர்'க்கும் அந்த வித்தியாசம் கிடையாது, 'ஐயா' என்பதும் அங்கே இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான் ஒருவனுக்கு 'ஐயா, நீர்' என்றும், இன்னொருவனுக்கு 'நீ' என்றும் போட்டது. நம் ஊர் ஆலயத்தில் இப்படி ஒரு காட்சி நடந்தால் நம் வாயிலிருந்து எப்படி வருமோ, அப்படியே எழுதியிருக்கிறார்கள். பட்சபாதம் என்று நாம் படிக்கிற இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு, முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்வது என்று பொருளாம். முகதாட்சிணியம் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு விடிகாலை 5 மணிக்குக் காசிமேட்டுக்குப் போனேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியிருந்த நேரம். நிற்க இடமில்லை. அவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வஞ்சிரமும் சங்கராவும் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், கோயில் சார்தானே? வா, வா" என்றார். பக்கத்தில் காரில் வந்து இறங்கிய ஒருவரிடம், "நீ எவ்ளோக்கு கேக்குற, சொல்லு" என்றார். கூடை தூக்கும் பையனிடமும் 'நீ'. சீருடையில் இருந்த போலீஸ்காரரிடமும் "கொஞ்சம் தள்ளி நில்லு நைனா, தண்ணி தெறிக்கும்."

வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். இங்கே 'நீ' என்பது மரியாதைக் குறைவு கிடையாது. அந்த அம்மா எல்லாரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டார். நான்தான் ஆள் பார்த்துச் சொல்லை மாற்றினேன். என் தப்பு இருந்தது 'நீ' என்ற சொல்லில் இல்லை என்பது அந்த மீன் சந்தையில் நின்றபோதுதான் விளங்கியது.

குருத்தோலை ஞாயிறு அன்று எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் செதிலை வழித்துக்கொண்டே, "எழுப்புனா இன்னா? பஸ்ல எழுப்புறான், ரேசன் கடைல தள்ளுறான். அதெல்லாம் பழக்கம்தான்" என்றார். அப்புறம் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னெண்டு வருசமா வர்றேன் சார் அந்தக் கோயிலுக்கு. எம் பேரு இன்னா, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போது அவரை எழுப்பியதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. எங்கள் சபையில் ஏறக்குறைய 300 குடும்பம். அதில் பெரும்பாலானவர்களின் பெயர், வேலை, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யோசித்தேன். சந்தா ரசீதில் பெயர் எழுதி எழுதிப் பழகியது. மாதச் சந்தாவைக் கவரில் போட்டுக் கொடுக்கிறவர்கள் என் நினைவில் இருந்தார்கள். இந்த அம்மா கவர் வாங்கியதே இல்லை, கையில் இருப்பதைக் காணிக்கைப் பையில் போட்டுவிடுவார். ஆகவே பதிவேட்டில் இல்லை, பதிவேட்டில் இல்லாததால் கமிட்டித் தேர்தலில் ஓட்டு இல்லை, உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்கும் பட்டியலிலும் இல்லை. யாரும் திட்டம் போட்டு அவரை ஒதுக்கவில்லை. எங்கள் ரசீதுப் புத்தகமே அந்த வேலையைச் செய்திருந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைதான் மீன் வியாபாரத்துக்கு உயிர். அந்த நேரத்தில் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு அவர் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். அது எந்த ரசீதிலும் ஏறாத காணிக்கை.

அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்காததால் இங்கே எழுதவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஐயர், கமிட்டியில் இரண்டு பேர், நான், நாலு பேராக உட்கார்ந்து பேசினோம். நாங்கள் செய்தவற்றில் பலித்ததையும் பலிக்காததையும் சொல்கிறேன்.

முதலில் இருக்கை. முன்வரிசையில் துண்டு போட்டு, பைபிள் வைத்து இடம் பிடிப்பதை நிறுத்தினோம். வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் தவிர யாருக்கும் தனி இடம் இல்லை. நேரத்துக்கு வந்தவர் உட்கார்ந்த இடம் அவருடையது. அப்புறம் வாசலில் நிற்கும் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: வருகிறவர் யாரானாலும் 'வாங்க', கையில் ஆராதனைத் தாளைக் கொடுக்கும்போது அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். செய்து பாருங்கள், முதல் மாதத்திலேயே நம் வாய் யாரிடம் தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு ஆலயத்தைக் கூட்டுகிற அம்மாவிடம் தடுமாறியது.

பதிவேட்டைச் சந்தாவிலிருந்து பிரித்தோம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், வீட்டு முகவரி இவற்றை வைத்து ஒரு தனிப் பதிவேடு போட்டோம். வீடு சந்திக்கும் பட்டியல் இப்போது அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நானும் ஒரு நோட்டு வைத்து, எந்த வீட்டுக்குப் போனேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று மூன்று மாதம் குறித்தேன். ஏசி இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம், ஹவுசிங் போர்டு மாடியில் பத்து நிமிடம். என் கையெழுத்திலேயே அது இருந்தது. இந்த நோட்டு வைக்கும் பழக்கத்தை எல்லாருக்கும் சொல்வேன். மனசு நம்மிடம் பொய் சொல்லும், நோட்டு சொல்லாது.

வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டு பாடும் கேரல் ரவுண்ட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிசம்பரில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்புவோம். வழக்கமாகப் பெரிய வீடுகள் முதலில். அங்கே நாலு பாட்டு, கேக், காபி, உட்கார்ந்து பேச்சு. குப்பத்துப் பக்கம் போய்ச் சேரும்போது ராத்திரி இரண்டு மணி. தொண்டை கட்டியிருக்கும், கிதார்காரப் பையன் பாதியில் வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு பாட்டு, அவசரமாக ஒரு ஜெபம். அந்த வீடுகளில்தான் வாசலில் கோலம் போட்டு, ஸ்டார் கட்டி, எங்களுக்கென்று கலர் வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள். பிள்ளைகள் புதுச் சட்டையோடு தூங்கிப் போயிருக்கும். இத்தனை வருடம் அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறோம். இப்போது ஒரு வருடம் இந்த முனையிலிருந்து, மறு வருடம் அந்த முனையிலிருந்து. எந்த வீடானாலும் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். முதல் வருடம் ஒரு பெரிய வீட்டில் கோபப்பட்டு எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே நின்று இரண்டு பாட்டும் பாடிவிட்டுத்தான் வந்தோம்.

கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாள் வேஷம் சிவப்பான பிள்ளைக்கு, மேய்ப்பன் வேஷம் கறுப்பான பிள்ளைக்கு என்று இருந்தது. இப்போது சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். ஃபேன் இறக்கையிலும் பெஞ்சு முதுகிலும் 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதுவதை நிறுத்தத்தான் எங்களால் முடியவில்லை. மூன்று கமிட்டிக் கூட்டம் சண்டை நடந்தது. புதிதாக எழுதுவதில்லை, பழையதை அழிப்பதில்லை என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை.

நான் மறுபக்கமும் சறுக்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மா திரும்ப வந்தபோது அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர், "சார், எல்லாரும் என்னியே பாக்குறாங்க. என்னை வுட்டுரு" என்றார். என் மனசாட்சியை ஆற்றிக்கொள்ள அவரைக் காட்சிப்பொருள் ஆக்கியிருந்தேன். அதே சமயத்தில், அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்ட பணத்தில் கணக்கு காட்டாத ஒரு இளைஞனை, பாவம் கஷ்டப்பட்ட குடும்பம் என்று கேட்காமல் விட்டேன். பணக்கார வீட்டுப் பையனாக இருந்தால் கேட்டிருப்பேன். லேவியராகமம் 19:15 இரண்டு பக்கமும் பேசுகிறது: "சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும்." பரிதாபமும் ஒரு முகதாட்சிணியம்தான். பிறகு அந்த இளைஞனைத் தனியாகக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டேன். தவணையில் திருப்பிக் கட்டினான். இன்றைக்கு அவன்தான் ஏலக் கணக்கே எழுதுகிறான்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வட சென்னையில் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. எங்கள் சபைக்கு அரிசி, போர்வை வந்தது. கமிட்டியில் ஒருவர், "முதல்ல நம்ம சபையார், மிச்சம் இருந்தா மத்தவங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருடைய வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். விசுவாச வீட்டாருக்கு விசேஷமாய் நன்மை செய்யுங்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதையும் எடுத்துச் சொன்னார். அதே வசனம் அதற்கு முன்னால் 'யாவருக்கும்' என்றுதான் சொல்கிறது என்று ஐயர் பதில் சொன்னார். கடைசியில் தெரு வாரியாக, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பார்த்து டோக்கன் கொடுத்தோம். டோக்கனில் மதம், சபை எதுவும் இல்லை, வீட்டு எண் மட்டும். தெரிந்த முகம் வந்தால் கை தானாக ஒரு போர்வை கூட எடுக்கும் என்பதால், டோக்கன் எழுதுகிறவர் வேறு, பொருள் கொடுக்கிறவர் வேறு என்று வைத்தோம். அந்த ஏற்பாடு என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றியது.

இவ்வளவு ஆன பிறகு, எனக்கு இது புரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 2024 தொடக்கத்தில் எங்கள் பாடகர் குழுவில் பாடும் ஒரு பையனின் அப்பா வீட்டுக்கு வந்து, என் மகளைப் பெண் கேட்டார். வியாசர்பாடிக் குடும்பம். பையன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். மகளுக்கும் சம்மதம். அவர்கள் போன பிறகு மனைவி கேட்டாள்: "அவங்க என்ன ஆளுங்க?"

"தெரியாது" என்றேன். எனக்குத் தெரியும். கேள்வியே தேவையில்லை என்று சொல்லியிருக்க வேண்டிய நான் பொய் சொன்னேன். இரண்டு மாதம் பதில் சொல்லாமல் இழுத்தேன். அந்த ஞாயிறுகளில் அந்தக் குடும்பம் தெருவில் வருவதைப் பார்த்தால், தாள் எடுக்கிற மாதிரி பக்கவாசலுக்குப் போய்விடுவேன். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு போக வேண்டும் என்று கடிதம் எழுதினார் என்றும், அதை ஏற்காமல் தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டே போனார்கள் என்றும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பையனின் அப்பா மறுபடி வந்தார். கோபமாகப் பேசவில்லை. "ஐயா, கவர்மென்ட் சர்டிஃபிகேட்ல நாங்க பி.சி. கிறிஸ்தவன் ஆயிட்டா எஸ்.சி. கிடையாதுன்னு சட்டம். கோயில்லயும் சாதி இல்லைன்னு சொல்றாங்க. பொண்ணு கேக்கப் போனா மட்டும் நாங்க பழைய ஆளுங்களா ஆயிடறோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. 1950-ஆம் ஆண்டின் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. சலுகை கேட்கும்போது சாதி இல்லை, சம்பந்தம் பேசும்போது இருக்கிறது. இரண்டு பக்கமும் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அன்று ராத்திரி எனக்குப் பேதுருவின் ஞாபகம் வந்தது. எங்கள் ராயபுரத்துக்குப் பெயரே அவரால் வந்தது என்பார்கள், ராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர். யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் நின்று "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று சொன்னவர் அவர். அதே பேதுருதான் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார், பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். எனக்கும் பயம்தான். ஊரிலிருந்து வரப்போகும் என் ஆட்களை நினைத்துப் பயம். மறுநாள் காலை மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கும் தெரியுங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன்" என்றாள். அன்று சாயங்காலமே இரண்டு பேருமாக வியாசர்பாடிக்குப் போய், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னோம்.

செப்டம்பரில் எங்கள் ஆலயத்திலேயே திருமணம். காசிமேட்டு அம்மா பேத்தியோடு வந்து, யாரையும் கேட்காமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். என் பக்கத்துச் சொந்தத்தில் மூன்று குடும்பம் வரவில்லை. என் பெரிய அண்ணனும் வரவில்லை, தூத்துக்குடியில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போன் பண்ணுகிறேன், பேசுகிறார். மகளை விசாரிப்பார். மாப்பிள்ளையை 'அந்தப் பையன்' என்பார். நான் ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொல்லி, "உங்களை விசாரிச்சதா சொல்லச் சொன்னாருண்ணே" என்கிறேன்.